நூறு பைட்டுக்குள் அடங்காத பெயர்

பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்ட யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் இன்றும் பயன்படும் கருவி 'டார்'. காந்த நாடாவில் எழுதுவதற்காக 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்தது. அன்றாடப் பயன்பாட்டிலிருந்து நாடா ஏறக்குறைய மறைந்துவிட்டது, டார் மறையவில்லை. ஒரு கணினியில் கட்டிய மூட்டை இன்னொன்றில் சரியாகப் பிரியாமல் போவதற்குக் காரணமும் அந்தப் பழைய அமைப்புதான்.

மூட்டையில் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட் அளவில் ஒரு முகப்புச் சீட்டு இருக்கும். அதில் பெயருக்கு ஒதுக்கியது 100 பைட். கோப்பின் அளவை எட்டின் அடிமானத்தில் 11 இலக்கங்களுக்குள் எழுத வேண்டும். கணக்குப் போட்டால் உச்சவரம்பு 8 கிகாபைட். அன்றைக்கு அது கடல். இன்று ஒரு காணொளியே அதைத் தாண்டிவிடும்.

1988இல் வந்த 'யூஸ்டார்' தரம் கோப்புறைப் பாதைக்கென்று மேலும் 155 பைட் கொடுத்தது. குனு திட்டத்தின் டார் வேறு வழியில் போனது. நீண்ட பெயரைப் போலிக் கோப்பு ஒன்றில் முழுதாக எழுதிவிட்டு, உண்மைக் கோப்பின் சீட்டில் முதல் 100 பைட்டை மட்டும் வைத்தது. இந்த ஏற்பாடு தெரியாத கருவி போலிக் கோப்பையும் ஒரு கோப்பாகவே பிரித்துப் போடும். அது வெறும் குப்பை, அழித்துவிடலாம். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. முதல் 100 பைட் ஒன்றாக உள்ள இரண்டு கோப்புகள் ஒரே பெயரில் பிரிந்தால், இரண்டாவது முதலாவதின் மேல் எழுதப்பட்டுவிடும். எந்த எச்சரிக்கையும் வராமல் போகலாம்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இந்த எல்லை இன்னும் விரைவில் வரும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் தேவை. புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு. 'தமிழ்' என்ற சொல்லுக்கே 15 பைட். ஆக, 33 குறியீடுகளோடு இடம் தீர்ந்தது.

போதாக்குறைக்கு, சீட்டைச் சரிபார்க்கும் கூட்டுத்தொகையிலும் ஒரு சிக்கல். பழைய கருவிகள் சில, 127க்கு மேற்பட்ட பைட்டுகளை எதிர்ம எண்களாகக் கொண்டு கூட்டின. ஆங்கிலப் பெயரில் அத்தகைய பைட் கிடையாது, விடை ஒன்றுதான். தமிழ் எழுத்தின் பைட்டுகளோ அனைத்துமே 127க்கு மேல். நல்ல மூட்டையைக்கூட அவை 'பழுது' என்று தள்ளிவிடும். அந்தக் கூட்டுத்தொகை சீட்டுக்கு மட்டும்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் படம் கெட்டிருந்தால் டார் கண்டுகொள்ளாது.

2001இல் வந்த 'பாக்ஸ்' வடிவம் பெயர், அளவு இரண்டின் வரம்பையும் நீக்கியது. இப்போதைய கருவிகள் பெரும்பாலும் அதைப் படிக்கும். ஆனால் குனு டார், நாம் கேட்காவிட்டால், வழக்கமாகத் தன் சொந்த வடிவத்திலேயே எழுதும். பாக்ஸ் வேண்டுமென்று கட்டளையில் சொல்ல வேண்டும். மூலக் கோப்புகளை அழிக்கும் முன், மூட்டையை வேறொரு கணினியில் ஒருமுறை பிரித்துக் கோப்புகளை எண்ணிப் பாருங்கள். கட்டியது 500, பிரிந்தது 499 என்றால், முதலில் நீண்ட பெயர்களைத் தேடுங்கள்.