மதராஸில் பிறந்தார், பீட்டில்ஸில் டிரம்ஸ் வாசித்தார்! புகழ் வாசலில் 'கல்தா'. ரசிகர்கள் மட்டும் கைவிடவில்லை

வடசென்னையில் மேளம் இல்லாமல் எதுவும் நடக்காது. ராயபுரத்தில் கல்யாண ஊர்வலம் என்றாலும் சரி, காசிமேட்டில் கோவில் திருவிழா என்றாலும் சரி, திருவொற்றியூரில் சாவு வீடு என்றாலும் சரி, தெருமுனைக்கு முதலில் வந்து சேருவது மேளச் சத்தம்தான்.

ஆனால் மாலை யார் கழுத்தில் விழும்? பாடுகிறவர் கழுத்தில். மேளக்காரர் பின்னால் நிற்பார். சட்டை நனைய அடிப்பார். கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் பெயரைக்கூட யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்படிப் பின்னால் உட்கார்ந்து அடித்த ஒருவருக்காக ரசிகர்கள் ரகளையே செய்தார்கள். மனுப் போட்டார்கள். கைகலப்பு வரை போனது. நடந்த இடம், இங்கிலாந்தில் உள்ள லிவர்பூல் துறைமுக நகரம்.

அந்த டிரம்ஸ்காரர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம்ம மதராஸ்தான்!

யார் இவர்?

பெயர் பீட் பெஸ்ட். 1941-ம் ஆண்டு நவம்பர் மாதம் 24-ந் தேதி மதராஸில் பிறந்தார். அப்போது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் மதராஸ் நகரமே காலியானது.

பீட்டின் தாயார் மோனா, டெல்லியில் பிறந்தவர். தந்தை கப்பல் என்ஜினீயர். யுத்தத்தில் அவர் இறந்துபோனார். பிறகு ஜானி பெஸ்ட் என்ற லிவர்பூல்காரரை மோனா மணந்துகொண்டார். ஜானி அப்போது இந்தியாவில் ராணுவத்தில் இருந்தார்.

1945-ம் ஆண்டு குடும்பத்தோடு பம்பாயில் கப்பல் ஏறினார்கள். கப்பலின் பெயர் 'ஜார்ஜிக்'. லிவர்பூலில் போய் இறங்கிய நாள் கிறிஸ்துமஸ். பீட்டுக்கு அப்போது 4 வயது.

லிவர்பூல் நமக்குப் புது ஊர் இல்லை. எண்ணூரில் 1948-ல் ஆரம்பித்த மோட்டார் கம்பெனி, 1955-ல் 'அசோக் லேலண்ட்' ஆனது. அந்த 'லேலண்ட்' என்பது ஒரு ஊரின் பெயர். லிவர்பூலில் இருந்து ஒரு மணி நேரப் பயணம். இங்கே காசிமேடு, ராயபுரம் மாதிரியே அங்கேயும் கப்பல், கிட்டங்கி, சுமை தூக்குகிற ஆட்கள், மாலையானால் பாட்டு.

குதிரை கொடுத்த வீடு

மோனா துணிச்சல்காரர். 1954-ம் ஆண்டு 'டெர்பி' குதிரைப் பந்தயம் வந்தது. 'நெவர் சே டை' என்ற குதிரை மீது அவர் பணம் கட்டினார். நகையை அடகு வைத்துக் கட்டினார் என்பது குடும்பத்தார் சொல்லும் கதை.

குதிரை ஜெயித்தது! ஒன்றுக்கு 33! அந்தப் பணத்தை வைத்து, ஹேமன்ஸ் கிரீன் என்ற தெருவில் ஒரு பெரிய வீட்டை வாங்கினார்கள்.

அந்த வீட்டின் நிலவறையில் 1959-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி மோனா ஒரு காப்பி கிளப் திறந்தார். பெயர் 'காஸ்பா'. திறப்பு விழாவில் பாடியவர்கள் யார்? ஜான் லென்னான், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன்! அப்போது அவர்களை உலகத்துக்குத் தெரியாது. சுவருக்கு வர்ணம் அடித்ததும் அதே பையன்கள்தான்.

பீட்டுக்கு தாயார் டிரம்ஸ் வாங்கிக் கொடுத்தார். அவரும் ஒரு குழு சேர்த்துக்கொண்டு அதே நிலவறையில் வாசித்தார்.

தட்டிக்குப் பின்னால் படுக்கை

1960 ஆகஸ்டில் பால் மெக்கார்ட்னி கூப்பிட்டார். ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தில் வேலை கிடைத்திருந்தது. டிரம்ஸுக்கு ஆள் இல்லை. பீட் கிளம்பினார்.

பீட்டில்ஸ் என்ற பெயரோடு அங்கே வாசித்தார்கள். மாலுமிகள் வந்து குடிக்கிற இடம். வார நாட்களில் தினமும் நாலரை மணி நேரம் அடிக்க வேண்டும். படுக்க இடம்? ஒரு சினிமா கொட்டகையில், திரைக்குப் பின்னால், கக்கூசுக்குப் பக்கத்தில்!

அந்தச் சத்தத்திலும் குடிவெறியிலும் கூட்டத்தைப் பிடித்து நிறுத்த ஒரே வழி, அடி. பீட் காலால் அழுத்துகிற பெரிய டிரம்மை நாலு தாளத்துக்கும் விடாமல் இடித்தார். கானா பாட்டில் டோலக் ஓயாமல் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே பிடிவாதம்.

ஊர் திரும்பிய பிறகு, லிவர்பூல் பையன்கள் அந்த இடியைக் கேட்டு அசந்துபோனார்கள். பீட் அதிகம் பேச மாட்டார். பார்க்க லட்சணமாக இருப்பார். பெண்கள் கூட்டம் அவருக்குத்தான் என்று ஊரில் பேச்சு.

அந்த வியாழக்கிழமை

1962 ஜூன் 6-ந் தேதி லண்டன் இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் வாசித்துக் காட்டினார்கள். அங்கே தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு டிரம்ஸ் திருப்தி இல்லை. ரெக்கார்டுக்கு வேறு ஆள் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

1962 ஆகஸ்டு 16, வியாழக்கிழமை. மானேஜர் பிரையன் எப்ஸ்டீன், பீட்டைத் தன் ஆபீசுக்குக் கூப்பிட்டார். நீ வேண்டாம் என்று பையன்கள் சொல்கிறார்கள், உன் இடத்துக்கு ரிங்கோ ஸ்டார் வருகிறார் என்ற விஷயத்தைச் சொன்னார்.

அவ்வளவுதான். இரண்டு வருட உழைப்பு போச்சு. கூட வாசித்த மூன்று பேரில் ஒருவர்கூட அங்கே இல்லை. நேரில் வந்து சொல்லவும் இல்லை.

துறைமுகத்திலும் பாக்டரியிலும் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். நாளை முதல் வர வேண்டாம் என்பதைச் சொல்ல எப்போதும் வேறு ஒருவரைத்தான் அனுப்புவார்கள்.

ரிங்கோ வந்து சேரும் வரை மிச்ச நாளுக்கு வாசிக்க முடியுமா என்று மானேஜர் கேட்டார். பீட் சரி என்றார். வெளியே வந்த பிறகு மனம் வரவில்லை. அன்று இரவு அவர் மேடைக்குப் போகவில்லை.

பீட்டின் வீட்டில் குடியிருந்த நண்பர் நீல் ஆஸ்பினால்தான் அந்தக் குழுவின் வேன் ஓட்டியவர். நானும் வேலையை விட்டு விடுகிறேன் என்றார் அவர். வேண்டாம், நீ இரு, இவர்கள் பெரிய ஆளாக வரப்போகிறார்கள் என்று தடுத்தவர் பீட்! ஆஸ்பினால் பின்னாளில் பீட்டில்ஸ் கம்பெனிக்கே தலைமை வகித்தார்.

ஜார்ஜுக்குக் கண் வீக்கம்

செய்தி பரவியது. ரசிகர்கள் கொதித்தார்கள். 'மெர்சி பீட்' பத்திரிகை ஆபீசில் கையெழுத்து மனுக்கள் குவிந்தன. 'கேவர்ன்' கிளப்பில் ரிங்கோ டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்ததும், பீட்தான் வேண்டும் என்று கூச்சல். நடந்த கைகலப்பில் ஜார்ஜ் ஹாரிசனுக்குக் கண்ணில் ஒரு குத்து!

சில நாட்கள் கழித்து, செப்டம்பர் 4-ந் தேதி, இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் எடுத்த போட்டோவில் அந்தக் கறுத்த கண்ணை இன்றைக்கும் பார்க்கலாம்.

கல்தா கொடுத்த 50-வது நாள், அக்டோபர் 5-ந் தேதி, 'லவ் மீ டூ' ரெக்கார்டு வெளிவந்தது. பிறகு நடந்தது உலகம் அறிந்த கதை.

குற்றம் யார் மீது?

பீட் வாசிப்பு போதாது என்கிறவர்கள் ஒரு கட்சி. அவரோடு பழகிக் கலக்கவில்லை, முடியைக்கூட மற்றவர்கள் மாதிரி வெட்டிக்கொள்ளவில்லை என்கிறவர்கள் இன்னொரு கட்சி. பெண்கள் கூட்டத்தைப் பார்த்து வந்த பொறாமை என்கிறவர்களும் உண்டு.

ரசிகர்கள் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டுவார்கள். செப்டம்பர் 11-ந் தேதி அதே பாட்டை மறுபடி பதிவு செய்தபோது, ஜார்ஜ் மார்ட்டின் தரப்பு ரிங்கோவையும் டிரம்ஸில் உட்கார வைக்கவில்லை. ஆண்டி ஒயிட் என்ற ஸ்டூடியோ ஆள் வாசித்தார். ரிங்கோ கையில் கிடைத்தது ஒரு கஞ்சிரா!

ஆனால் ரிங்கோவை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ரிங்கோ பெரிய வாசிப்புக்காரர் என்பதை அடுத்த எட்டு வருடம் காட்டியது. அதில் சந்தேகம் இல்லை. பீட்டுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை என்பதுதான் ரசிகர்களின் வழக்கு.

இன்னொரு மதராஸ்காரர்

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. 1967-ல் பீட்டில்ஸ் ரெக்கார்டு ஒன்று இங்கிலாந்து பட்டியலில் முதல் இடத்துக்குப் போக முடியாமல் நின்றது. மறித்தது 'ரிலீஸ் மீ' என்ற பாட்டு. பாடியவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். அவர் 1936-ம் ஆண்டு பிறந்ததும் மதராஸில்தான்!

ராயபுரத்துக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். தென்னிந்தியாவின் முதல் ரெயில் 1856-ல் ராயபுரத்தில் இருந்து புறப்பட்டது. ரெயில்வேயை நம்பி வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் அங்கே உண்டு. கிறிஸ்துமஸ் வந்தால் கிட்டார், டான்ஸ், எங்கல்பர்ட் பாட்டு என்று தெரு விடிய விடிய விழித்திருந்த காலம் அது.

ரொட்டி சுமந்தார்

பீட் வேறு குழுக்களில் வாசித்துப் பார்த்தார். எடுபடவில்லை. மனம் உடைந்துபோன காலமும் உண்டு. தாயாரும் தம்பியும்தான் அவரைத் தாங்கிப் பிடித்தார்கள்.

1968-ல் டிரம்ஸை மூட்டை கட்டினார். ரொட்டி பாக்டரியில் சரக்கு ஏற்றுகிற வேலைக்குப் போனார். அதே 1968-ல்தான் பீட்டில்ஸ் நான்கு பேரும் தியானம் படிக்க ரிஷிகேசத்துக்கு வந்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் பின்னால் வந்தன. இந்தியாவில் பிறந்தவரோ, லிவர்பூலில் ரொட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்!

பிறகு அரசாங்க வேலை கிடைத்தது. எந்த ஆபீஸ்? எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்! தன்னை வேலையில் இருந்து தூக்கியதை உலகமே பேசிய மனிதர், வேலை போனவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் நாற்காலியில் சுமார் 20 வருடம் உட்கார்ந்தார். காலையில் பஸ், மாலையில் வீடு, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். சராசரி குமாஸ்தா வாழ்க்கை.

ரசிகர்கள் கூப்பிட்டார்கள்

ஆனால் ரசிகர்கள் மறக்கவில்லை. வாருங்கள், ஒரு தடவை வாசியுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவரும் மறுத்துக்கொண்டே இருந்தார்.

1988-ல் லிவர்பூலில் நடந்த பீட்டில்ஸ் ரசிகர்கள் கூட்டத்தில் சரி என்று மேடை ஏறினார். 20 வருடத்துக்குப் பிறகு கையில் குச்சி. அதே வருடம் செப்டம்பரில் தாயார் மோனா காலமானார்.

அன்றில் இருந்து நிறுத்தவில்லை. தம்பி ரோக் பெஸ்ட்டையும் சேர்த்துக்கொண்டு 'பீட் பெஸ்ட் பேண்ட்' அமைத்தார். ஊர் ஊராக, நாடு நாடாக வாசித்தார். கேட்க வந்தவர்களில் பலர் 1962-ல் பிறக்காதவர்கள்.

1995 நவம்பரில் பீட்டில்ஸின் பழைய பதிவுகள் 'ஆந்தாலஜி' என்ற பெயரில் வந்தன. பீட் வாசித்த 10 பாட்டுகள் அதில் இருந்தன. 33 வருடம் கழித்து அவர் கைக்குப் பெரிய பணம் வந்தது.

ஆனால் அட்டையைப் பார்த்தவர்களுக்குத் திக்கென்றது. பழைய போட்டோவில் பீட்டின் முகம் இருந்த இடம் மட்டும் கிழிக்கப்பட்டு, அங்கே ரிங்கோவின் முகம் தெரிந்தது!

பீட் கோபப்படவில்லை. கோர்ட்டுக்கும் போகவில்லை. 2008-ல் அவருடைய குழு ஒரு ஆல்பம் போட்டது. பெயர், தாயார் வாங்கிய வீடு இருந்த 'ஹேமன்ஸ் கிரீன்' தெருவின் பெயர். அட்டைப் படம்? அந்தக் கிழிந்துபோன துண்டு!

லிவர்பூல் நகரம் ஒரு தெருவுக்கு 'பீட் பெஸ்ட் டிரைவ்' என்று பெயர் வைத்தது. பக்கத்தில் 'காஸ்பா' பெயரிலும் ஒரு தெரு.

2025 ஏப்ரலில் தம்பி ரோக் மூலம் அறிவிப்பு வந்தது. பீட் பெஸ்ட் மேடையில் இருந்து ஓய்வு பெறுகிறார் என்று. 83 வயதில் குச்சியைக் கீழே வைத்தார்.

இந்தத் தடவை யாரும் ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அவராகவே வைத்தார்.