மலைவீதிக்கு ஏற்ற மோட்டார் சைக்கிள்: பழைய வண்டி வாங்குவோர் சிந்தனைக்கு

கண்டி மாநகரிலிருந்து எத்திசையிற் புறப்பட்டாலும் சிறிது தூரத்திலேயே வீதி மலையேறத் தொடங்கிவிடுகின்றது. தெற்கே ஹந்தானை மலையும், அதற்கப்பால் கலஹா, தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டங்களும் உள்ளன. 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டமும் அப்பக்கத்திலேயே இருக்கின்றது. மேற்கே கடுகண்ணாவைக் கணவாய். கிழக்கே தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய வழியாகச் சென்றால் நக்கிள்ஸ் மலைத்தொடரும், அதன் மடியில் ஒதுங்கிக் கிடக்கும் மீமுரே கிராமமும், மகியங்கனைச் சமவெளியை நோக்கி இறங்கும் புகழ்பெற்ற ‘பதினெட்டு வளைவு’ வீதியும் நம்மை எதிர்கொள்ளும்.

இத்தகைய நாட்டில் வாழும் இளைஞர் உள்ளத்தில் மலைப் பயணத்துக்கென்றே அமைந்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வைத்திருக்கவேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. ஆயின், புதிய வண்டியின் விலை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவதாயில்லை. ஆதலால் பழைய வண்டியை நாடுகின்றனர். அதற்கு வேண்டிய பணமோ பெரும்பாலும் மாதந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்; சில வீடுகளில் தந்தையார் இளைப்பாறியபோது கைக்கு வந்த ஊழியர் சேமலாப நிதியின் ஒரு பகுதி. எனவே இஃது இளைஞர் ஒருவரின் விருப்பம் மட்டுமன்று. குடும்பம் முழுவதும் கூடியிருந்து ஆராயவேண்டிய காரியம்.

சாகச வண்டி எனப்படுவது யாது?

மேலைநாடுகளிற் ‘சாகசப் பயண மோட்டார் சைக்கிள்’ என்றால் பாரமான, விலைமிகுந்த வண்டிகளே கண்முன் தோன்றும். 1980 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் வெளியிட்ட ஏறத்தாழ 800 சி.சி. வண்டியை இவ்வகைக்கு முன்னோடி என்பர். ஆயினும், 1978 ஆம் ஆண்டு டிசெம்பரில் பாரிஸ் நகரிலிருந்து ஆபிரிக்காவின் டக்கார் நகரை நோக்கித் தொடங்கிய முதலாவது நெடும்பயணப் போட்டியில் மோட்டார் சைக்கிள்களுள் முதலிடம் பெற்றது எது தெரியுமா? சிரில் நெவ்யூ என்ற பிரெஞ்சுக்காரர் ஓட்டிய, ஒற்றைச் சிலிண்டர் கொண்ட யமஹா 500 சி.சி. வண்டியாகும். பாலைவனத்தை வென்றது பகட்டன்று, எளிமையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வகை வண்டிக்குரிய இலக்கணம் சிலவே. தரைக்கும் எஞ்சினின் அடிப்பாகத்துக்கும் இடையே நல்ல இடைவெளி இருத்தல், முன்சில்லு பெரிதாயிருத்தல், கம்பிச் சில்லுகளும் நீண்டு சுருங்கும் அதிர்வு தாங்கிகளும் அமைந்திருத்தல், ஓட்டுபவர் நிமிர்ந்து அமரத்தக்க கைபிடி இருத்தல் ஆகியவையே அவை. நம் நாட்டில் ‘ட்ரெயில் பைக்’ என வழங்கும் வண்டிகளில் இவ்விலக்கணங்கள் யாவும் உள்ளன.

சந்தையின் நிலை

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அக்கதவு மீண்டும் திறந்தது 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்தாண்டுக் காலத்தில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. பழைய வண்டிக்கும் விலை ஏறியது. ஆகவே இன்று விற்பனைக்கு வரும் வண்டியொன்று நான்கு, ஐந்து உரிமையாளர்களைக் கண்டிருப்பினும் வியப்பதற்கில்லை. தோற்றத்தைப் பார்த்து வயதைக் கணிப்பது தவறாகும். புதுச் சாயம் பூசுவது கடினமான வேலையன்று.

2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியையும் நாம் மறந்துவிடலாகாது. அவ்வாண்டு நடுப்பகுதியில் அட்டை முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலே. பெரிய எஞ்சின் பெருமை தரலாம்; பெற்றோலை மிச்சம்பிடித்துத் தராது.

மூன்று வழிகள்

சிறிய முதலுடையோர்க்கு இன்று மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ஜப்பானிலிருந்து வந்த பழைய ட்ரெயில் வண்டிகள். மெக்சிக்கோவின் பாலைவனத் தீபகற்பம் ஒன்றின் பெயரைத் தாங்கி, இரண்டு பெரிய வட்ட விளக்குகளோடு காட்சிதரும் ஹொண்டா பாஜா 250 இவ்வகையைச் சேர்ந்தது. 1985 ஆம் ஆண்டில் வெளிவந்த யமஹா செரோ மற்றொன்று. செரோ என்பது ஜப்பானிய மலைகளில் வாழும் ஆட்டினத்தை ஒத்த ஒரு விலங்கின் பெயர். பெயருக்கேற்ப, பாரம் குறைந்த இவ்வண்டி செங்குத்தான பாதையில் நிதானமாக ஏறும். ஜப்பானில் இதன் உற்பத்தி 2020 இல் நின்றுவிட்டது. இத்தகைய வண்டிகளின் உறுதி பெரிது; ஆயின் வயதும் பெரிது. உதிரிப்பாகம் கண்டியிற் கிடைக்குமா, அன்றேல் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போகவேண்டுமா என்பதை வாங்குவதற்கு முன்னரே விசாரித்தறிதல் வேண்டும்.

இரண்டாவது, இந்தியாவில் உற்பத்தியாகும் 200 சி.சி. வகை வண்டிகள். 2019 இல் வெளிவந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இதற்கு நல்ல உதாரணம். இதன் தரை இடைவெளி 220 மில்லிமீற்றர். முன்சில்லு 21 அங்குலம். இருக்கையின் உயரம் 823 மில்லிமீற்றர். பாரம் ஏறத்தாழ 154 கிலோகிராம். வயது குறைவு என்பதே இதன் சிறப்பு.

மூன்றாவது வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. நாள்தோறும் வேலைக்குச் செல்லப் பயன்படும் சாதாரண 125 அல்லது 150 சி.சி. வண்டியொன்றை நல்ல நிலையில் வாங்கி, பாதைக்கேற்ற டயர் பூட்டிக்கொள்வதே அது. மலைக்கிராமத்துக்குக் கடிதம் கொண்டுசெல்லும் தபாற்காரரும், கள உத்தியோகத்தரும், மரக்கறி வியாபாரியும் இத்தகைய வண்டியிலேதான் அன்றாடம் ஏறி இறங்குகின்றனர். நாம் சாகசம் என்று கூறுவது அவர்களுக்கு அன்றாடத் தொழில். முற்காலத்தில் தோட்டத்துச் சின்னத்துரைமார் மோட்டார் சைக்கிளிற் கொழுந்து மலைகளைச் சுற்றிவந்ததை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அவ்வண்டிகளும் பெரியவை அல்ல.

மலை கேட்கும் மூன்று குணங்கள்

மலைவீதிக்கு முதலில் வேண்டியது வேகமன்று; பாரக்குறைவே. சேற்றில் வண்டி சாய்ந்தால் ஒருவராகவே அதனைத் தூக்கி நிறுத்த இயலவேண்டும். இருக்கையில் அமர்ந்தபடி இரு பாதங்களின் முன்பகுதியாவது உறுதியாக நிலத்தில் ஊன்றவேண்டும். ஏற்றத்தில் வண்டி நின்றுபோகும் வேளையில் கால் எட்டாதவர் படும் அவதி சொல்லுந்தரமன்று.

இரண்டாவது, ஏறும் வலிமை. கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்திற் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தால் எஞ்சினின் வலிமையும் அந்த அளவுக்குக் குறையும். கார்புரேட்டர் பூட்டிய பழைய வண்டியிற் பெற்றோலின் விகிதம் கூடிக் கரும்புகை எழுவதும் உண்டு. கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக இருவர் ஏறிச்செல்ல எண்ணுவோர் இதனைக் கணக்கிற் கொள்ளவேண்டும்.

மூன்றாவதும் தலையாயதுமான குணம், இறங்கும் அடக்கம். நீண்ட இறக்கத்தில் பிறேக்கை இடைவிடாது அழுத்தினால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும். கியரைக் குறைத்து எஞ்சினையே தடையாகப் பயன்படுத்துவதுதான் முறை. இருவீச்சு எஞ்சின் பூட்டிய பழைய வண்டிகளில் இத்தடை மிகக் குறைவு. ஏற்றம் வண்டியின் வலிமையைக் காட்டும். இறக்கமே அதன் குணத்தைக் காட்டும்.

பத்திரமே முதற் பரிசோதனை

வண்டியைப் பார்க்குமுன் பத்திரத்தைப் பாருங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் சட்டக இலக்கமும் வண்டியிற் பொறிக்கப்பட்டுள்ள இலக்கங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். எஞ்சினை மாற்றிவிட்டுப் பதிவில் திருத்தாத வண்டிகள் பல உள. இலக்கம் சுரண்டப்பட்டிருப்பின், விலை எவ்வளவு மலிவாயினும் திரும்பிவிடுங்கள். சான்றிதழில் பூரண உரிமையாளர் எனக் குத்தகைக் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான விடுவிப்புக் கடிதம் இன்றிப் பணம் கொடுத்தலாகாது.

கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களை மட்டும் பெற்றுக்கொண்டு, பிறர் பெயரிலேயே வண்டியை ஓட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது வாங்கியவருக்கும் விற்றவருக்கும் ஆபத்து. 14 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்தல் சட்டத்தின் கட்டளை. வருவாய் அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியன நடப்பாண்டுக்குரியனவா என்பதையும் பார்க்கவேண்டும். இன்னொன்று: 100 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை ஓட்டச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ‘ஏ’ வகுப்பு இருத்தல் அவசியம். ‘ஏ1’ மட்டும் போதாது.

கண்ணும் காதும் கையும்

காலை வேளையில், மழையற்ற பகற்பொழுதிற் செல்லுங்கள். நம்பிக்கையான மெக்கானிக் பாஸ் ஒருவரை உடனழைத்துச் செல்வது நல்லது. அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது.

முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்கவேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், காலையில் எளிதாக இயங்க மறுக்கும் குறையை மறைக்கிறார்கள் எனக் கொள்ளலாம். இயங்கியபின் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது, செலவு பெரிது. கரும்புகை வந்தால் பெற்றோல் மிகுதி. பெரும்பாலும் சிறு செலவில் தீரும்.

வண்டியின் பின்னால் நின்று இரு சில்லுகளும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என நோக்குங்கள். முன்சில்லைத் தூக்கிக் கைபிடியை மெல்லத் திருப்பும்போது நடுவில் இடறினால் பெயரிங் தேய்ந்துள்ளது. முன்பக்கத் தாங்கியில் எண்ணெய் கசிகிறதா? கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினால் ஒரே ஓசை எழுகிறதா? செயின் பற்கள் சாய்ந்து கூராகியுள்ளனவா? எஞ்சினின் அடியிலும் சட்டகத்தின் ஒட்டுகளிலும் வெடிப்போ புதிய ஒட்டோ காணப்படுகிறதா? கரடுமுரடான பாதையில் அடிபட்ட வண்டி தன் கதையை அடிவயிற்றில் எழுதி வைத்திருக்கும். ஓடிய தூரத்தைக் காட்டும் கருவியை மாற்றிவிடலாம். மிதியடி இறப்பரின் தேய்வை மறைப்பது அரிது.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்திற் செய்தது எனப் பொருள். பள்ளங்கள் ஆழமாயிருப்பினும், ஆண்டு பல கடந்த இறப்பர் ஈரவீதியில் நம்பத்தக்கதன்று. கடைசியாக, உரிமையாளரின் சம்மதத்தோடு ஓர் ஏற்றத்திலும் ஓர் இறக்கத்திலும் ஓட்டிப்பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

பணத்தைப் பங்கிடும் முறை

யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கடன்பட்ட கதையாக முடியலாகாது. கையில் உள்ள தொகையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வண்டியின் விலைக்குக் கொடுக்காதிருத்தல் நலம். உதாரணமாக, 6 இலட்சம் ரூபா இருப்பின் 4½ இலட்சத்துக்குள் வண்டியை முடித்துக்கொள்க. எஞ்சிய 1½ இலட்சத்தில் டயர், செயின், பிறேக், எண்ணெய் மாற்றம் ஆகியவற்றுக்கு முதலிடம். அடுத்தது நல்ல தலைக்கவசம், மழையுடை, கையுறை. பின்பு உரிமை மாற்றச் செலவும் காப்புறுதியும். இவ்வளவுக்கும் இடமளிக்காத வண்டி, எத்துணை அழகாயினும் நம் வரவுக்கு மிஞ்சியது என்றே கொள்ளல் வேண்டும்.

பயணமே பெரிது

1952 ஆம் ஆண்டில் ஆர்ஜென்டினாவிலிருந்து எர்னெஸ்டோ சே குவேரா என்ற மருத்துவ மாணவரும் அவர் நண்பர் அல்பேர்ட்டோ கிரனாடோவும் பழைய நார்ட்டன் 500 வண்டியொன்றிற் புறப்பட்டனர். வண்டி சிலி நாட்டிற் செயலிழந்தது. அவர்களோ கிடைத்த வாகனங்களில் ஏறிக் கண்டத்தின் வடபகுதிவரை சென்றனர். அவர்களைத் தொலைதூரம் கொண்டுசென்றது இயந்திரமன்று, மனவுறுதியே. ஆயினும், நண்பருக்கு நண்பர் துணையாயிருந்தார் என்பதை மறத்தலாகாது. தனியே மலையேறுவோர் இதனைச் சிந்திப்பாராக.

நம் மலைகளுக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைப் பறித்து, வீதிகளையும் துண்டித்துவிட்டன. மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் வேளையில் எந்த வண்டியும் சாகச வண்டி அன்று. அவ்வாறே, 2010 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட நக்கிள்ஸ் வனத்துக்குள் வீதியை விட்டு விலகிச் சில்லுகளை உருட்டுவது வீரமும் அன்று.

ஆதலின், பெற்றோரே, ஆசையை அடக்கிவிடாதீர்கள். அதற்கு அறிவைத் துணை சேர்த்துவிடுங்கள். இளைஞரே, விற்பவர் சொல்லும் வேகத்தைக் கேளாதீர்கள்; இறக்கத்தில் வண்டி நிற்கும் விதத்தைக் கேளுங்கள். மலையுச்சிக்குக் கொண்டுசெல்லும் வண்டிகள் பல உண்டு. அந்தி சாயுமுன் வீட்டு வாசலுக்குத் திரும்பக் கொண்டுவரும் வண்டி எதுவோ, அதுவே வாங்கத்தக்கது.