ஒரு வேலை, ஐந்து முகம்

பட்டியல் பழகு – 7

இருபது முப்பது வேலைகள் இருக்கும்வரை எந்தப் பட்டியலும் சரிதான். துண்டுச் சீட்டே போதும். கூகுள் டாஸ்க்ஸ் மாதிரி எளிய செயலியில் வேலையின் பெயர், ஒரு குறிப்பு, ஒரு தேதி எழுதலாம். அதற்கு மேல் அங்கே பெரிதாக ஒன்றும் தேவைப்படாது. எண்ணிக்கை முந்நூறைத் தொடும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. நீளம்கூடப் பரவாயில்லை, உருட்டிப் பார்த்துவிடலாம். கேட்ட கேள்விக்குப் பட்டியல் பதில் சொல்லாமல் நிற்பதுதான் ஆளைச் சோர்வடையச் செய்கிறது.

சென்னைப் புத்தகக் காட்சிக்குத் தயாராகும் ஒரு சிறு பதிப்பகத்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரிக்குள் 14 புத்தகங்கள் வர வேண்டும். முதல் மெய்ப்பு, இரண்டாம் மெய்ப்பு, எழுத்தாளரின் ஒப்புதல், லே-அவுட், அட்டை, பின்னட்டை வாசகம், ஐ.எஸ்.பி.என்., விலை, தாள், அச்சு, பைண்டிங் என்று ஒவ்வொன்றுக்கும் 25 வேலைகளாவது தேறும். மொத்தம் 350.

புத்தகத்துக்கு ஒரு ஃபோல்டர் போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ‘அந்த நாவல் எந்த அளவில் இருக்கிறது?’ என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கும். அச்சகத்துக்கு வண்டியை எடுக்கும்போது கேள்வி வேறு: ‘இன்று அங்கே முடித்துவிட்டு வர வேண்டியவை என்னென்ன?’ இப்போது 14 ஃபோல்டரையும் திறந்து மூட வேண்டும். சரி, ஆள்வாரியாகப் பிரிக்கலாம் என்றால் புத்தகக் கணக்கு சிதறிப்போகிறது. ஃபோல்டர் என்பது ஒரே ஒரு கேள்விக்கு முன்கூட்டியே எழுதி வைத்த பதில். மற்ற கேள்விகளுக்கு அது சுவர்.

இந்தச் சுவரில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே முட்டிப் பார்த்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். அப்போது பரவலாகப் புழங்கியது மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசம முறை. அறிவு முழுவதையும் பத்தாகப் பிரித்து, அந்தப் பத்தையும் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டே போவது அதன் வழி. இரண்டு மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பேசும் நூலை எந்தக் கிளையில் வைப்பது? லண்டனில் நூலகவியல் படிக்கப் போனபோது, செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற பொம்மைச் செட்டைப் பார்த்தார். அதே துண்டுகளைக் கழற்றி மாட்டி வேறு வேறு பொம்மைகளைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். நூலுக்கும் ஆயத்த இடம் ஒன்றைத் தேடாமல், அதன் முகங்களைத் தனித்தனியே எழுதிக் கோத்துவிடலாம் என்ற யோசனை அங்கே பிடிபட்டது. 1933இல் கோலன் பகுப்பு முறை நூலாக வந்தது. பின்னாளில் அந்த முகங்களைத் தனித்தன்மை, பொருள், செயல், இடம், காலம் என ஐந்தாக வகுத்தார்.

ரங்கநாதனுக்கு ஒரு தடை இருந்தது. எத்தனை முகங்களை எழுதினாலும் நூல் கடைசியில் ஓர் அலமாரியின் ஒரு தட்டில்தான் நின்றாக வேண்டும். ஆகவே எந்த முகம் முன்னே, எது பின்னே என்று அவர் வரிசை வகுக்க வேண்டியிருந்தது. கணினிப் பட்டியலில் அலமாரியே கிடையாது. நம்மிடம் இருப்பது அவர் கனவு கண்டதைவிட வசதியான நிலை. இதை வைத்துக்கொண்டு இன்னும் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டுக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மென்பொருளில் இந்த வழியைத் துணிந்து முயன்றது, டாஸ் காலத்தில் மிட்ச் கபோர் முதலானோர் உருவாக்கி 1988இல் வந்த லோட்டஸ் அஜெண்டா. மனம்போன போக்கில் ஒரு வரி எழுதினால், அதிலிருந்தே ஆளையும் தேதியையும் பிடித்து உரிய நெடுவரிசைகளில் அது நிரப்பிக்கொள்ளும். சில ஆண்டுகளிலேயே விற்பனை நின்றுவிட்டது. இன்று ஆசானா, நோஷன், கிட்ஹப் ப்ராஜெக்ட்ஸ் போன்றவற்றில் ‘கஸ்டம் ஃபீல்டு’ போன்ற பெயர்களில், நாமே அமைத்துக்கொள்ளும் நெடுவரிசையாக இருப்பது அந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான். ஒரு வித்தியாசம், இங்கே நிரப்பும் வேலை பெரும்பாலும் நம்முடையது.

பதிப்பகத்துக்கு ஐந்து ஃபீல்டு போதும்: புத்தகம், கட்டம், யார் கையில், எங்கே, எத்தனை நிமிடம். தேதி எல்லாச் செயலியிலும் ஏற்கெனவே இருக்கும். ‘பின்னட்டையில் விலையைத் திருத்தணும்’ என்று ஒரு வரி. புத்தகம்: அந்த நாவல். கட்டம்: அட்டை. யார் கையில்: டிசைனர். எங்கே: போன். நிமிடம்: 10. நாவலின் கணக்கைப் பார்த்தால் இந்த வரி வரும். டிசைனரிடம் பேசும் முன் அவர் பெயரில் வடிகட்டினாலும் வரும். பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் ‘போன், 10க்குள்’ என்று கேட்டாலும் வரும். இருப்பது ஒரே வரிதான். ஒரு முறை டிக் அடித்தால் எல்லாப் பார்வையிலிருந்தும் போய்விடும். டேவிட் ஆலன் 2001இல் எழுதிய ‘கெட்டிங் திங்ஸ் டன்’ நூலில், அடுத்த வேலையைத் தேர்ந்தெடுக்க நான்கு அளவுகோல்களைச் சொல்கிறார்: இருக்கும் இடமும் சூழலும், கையிலுள்ள நேரம், உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பு, முக்கியத்துவம். முதல் இரண்டும் அப்படியே ஃபீல்டாக உட்காரும்.

எந்த வகை ஃபீல்டு என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ‘எங்கே’ என்பதை வெறும் எழுத்து ஃபீல்டாக விட்டால் ஒருவர் அச்சகம் என்பார், இன்னொருவர் பிரஸ் என்பார், மூன்றாமவர் ப்ரெஸ் என்பார். வடிகட்டும்போது மூன்றில் ஒன்றுதான் அகப்படும். கண்ணுக்கே தெரியாத சிக்கலும் உண்டு. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் சமப்படுத்திப் பார்க்கத் தெரியாத மென்பொருள் அவற்றை வேறு வேறு சொல்லாக எடுத்துக்கொள்ளும். ஆகவே தட்டச்சு செய்ய விடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வகையிலேயே ஃபீல்டை அமையுங்கள்.

வரிசையும் அப்படித்தான். ‘கட்டம்’ ஃபீல்டை அகர வரிசையில் அடுக்கினால் அச்சு முன்னால் வந்துவிடும், மெய்ப்பு எங்கோ பின்னால் நிற்கும். யூனிகோடு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளில் அகர வரிசையே பிசகும்: ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற. ‘01 மெய்ப்பு, 02 லே-அவுட், 03 அட்டை’ என்று எண்ணைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. முன்னால் அந்த சைபர் இல்லாவிட்டால் 10 என்பது 2க்கு முன்னால் போய் நிற்கும். நேரத்தையும் ‘அரை மணி’ என்று எழுதாமல் 30 என எண்ணாகவே போடுங்கள். அப்போதுதான் கூட்டிப் பார்க்க முடியும். டிசைனர் தலையில் இந்த வாரம் எத்தனை மணி நேர வேலை ஏறியிருக்கிறது என்பது அந்தக் கூட்டலில் தெரிந்துவிடும்.

‘முக்கியத்துவம்: உயர், நடு, தாழ்’ என்ற ஃபீல்டை நான் பரிந்துரைப்பதில்லை. டிசம்பர் வந்தால் 350இல் பெரும்பாலானவை ‘உயர்’ ஆகிவிடும். டாஸ்க்வாரியர் என்ற கட்டற்ற மென்பொருள் இதற்கு ஒரு நேர்மையான கணக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் அவசர மதிப்பெண்ணைத் தானே போடும். கெடு தேதி நெருங்க நெருங்க 12 வரை ஏறும். இந்த வேலைக்காக வேறு வேலை காத்திருந்தால் 8. நாமாக ‘உயர்’ என்று குறித்தால் 6 மட்டுமே. தானே இன்னொன்றுக்காகக் காத்திருக்கும் வேலைக்கு 5 குறையும். இவை அதில் இயல்பாக அமைந்த எண்கள், வேண்டியபடி மாற்றலாம். நாம் உருவாக்கும் ஃபீல்டுக்கும் மதிப்பெண் தரலாம். பின்னட்டை விலை 10 நிமிட வேலைதான், ஆனால் அது முடியாமல் அட்டை அச்சுக்குப் போகாது. நம் மனம் சின்ன வேலை என்று ஒதுக்குவதை இந்தக் கணக்கு மேலே தூக்கி வைக்கிறது.

நிரப்பாத ஃபீல்டுகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ‘15 நிமிடத்துக்குள்’ என்று வடிகட்டினால், நிமிடமே எழுதாத வேலைகள் சத்தமில்லாமல் மறைந்துவிடும். அவை இல்லை என்றே நாம் நம்பிவிடுவோம். அதனால் ‘யார் கையில்: காலி’, ‘நிமிடம்: காலி’ என்று தனிப் பார்வை ஒன்றை வைத்து, வாரம் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். ஒருவர் கையிலும் இல்லாத வேலை, நடக்காது. புத்தகக் காட்சிக்கு முந்தைய வாரம் தலைவலியாக வெடிப்பவை பெரும்பாலும் இந்தக் காலி இடங்களில்தான் கிடந்திருக்கும்.

ருசி கண்டவர்கள் ஃபீல்டைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். தாளின் வகை, மொழி, எழுத்தாளரின் ஊர், நிறம். 350 வேலைக்கு ஐந்து ஃபீல்டு என்றாலே நிரப்ப 1,750 இடங்கள். ஆறாவது வந்தால் இன்னும் 350. அதைக் கொண்டு வடிகட்டவோ அடுக்கவோ கூட்டவோ போவதில்லை என்றால், அது ஃபீல்டு ஆக வேண்டாம். குறிப்பில் ஒரு வரியாக இருக்கட்டும். பெரிய நிறுவனங்களுக்கும் இந்த நோய் உண்டு. அவை பயன்படுத்தும் ஜிரா என்ற செயலியில் கஸ்டம் ஃபீல்டுகள் அளவுமீறிச் சேர்ந்தால் வேகம் குறையும் என்று அதைத் தயாரிக்கும் அட்லாசியனே எச்சரித்து, தேவையற்றதை நீக்கச் சொல்கிறது. நிரப்பும் உழைப்பைக் குறைக்க நல்ல வழி, 25 வேலைகளையும் கட்டமும் நிமிடமும் நிரப்பிய மாதிரிப் பட்டியலாக வைத்துக்கொள்வது. புதுப் புத்தகம் வந்தால் நகலெடுத்து, புத்தகத்தின் பெயரையும் ஆளையும் மட்டும் போட்டால் போதும்.

செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது, வெளியேறும் கதவை முதலில் பாருங்கள். ஜினா ட்ரபானி 2006இல் தொடங்கிய டூடூ.டெக்ஸ்ட் முறையில் எல்லாமே ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு என்று வரியின் ஓரத்தில் எழுதினால் அதுவே ஃபீல்டு. டாஸ்க்வாரியரில் ஒரு ஃபீல்டின் வரையறையை நீக்கினாலும் அதில் எழுதியது அழியாமல் கிடக்கும். எல்லாச் செயலியும் இவ்வளவு பெருந்தன்மை காட்டும் என்று சொல்ல முடியாது. பணம் கட்டும் முன் பத்து வேலைகளை மட்டும் ஏற்றி, ஐந்து ஃபீல்டையும் நிரப்பி, சி.எஸ்.வி. கோப்பாக இறக்கிப் பாருங்கள். ஒவ்வொரு ஃபீல்டும் தனி நெடுவரிசையாக, தமிழ் எழுத்து உடையாமல் வந்தால், மீதி 340ஐயும் தாராளமாக ஏற்றலாம்.

(தொடரும்)