புகையிலையினின்று நம் பிள்ளைகளை மீட்போம்

நெய்யூருக்குப் புகழ் தந்தது அதன் மருத்துவமனை. 1838-ஆம் ஆண்டில் மருத்துவப் பணி தொடங்கிய இவ்வூரிலிருந்துதான், வாய்ப்புற்றைப் பற்றிய எச்சரிக்கையும் உலகுக்குச் சென்றது. இங்குப் பணியாற்றிய டாக்டர் பென்டால், திருவிதாங்கூரிற் கண்ட 1,700 புற்றுநோயாளிகளின் விவரங்களை 1908-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார். டாக்டர் ஐ. எம். ஓர் என்பவர், வெற்றிலையும் புகையிலையும் மெல்லுவோருக்கு வரும் வாய்ப்புற்றை ஆராய்ந்து 1933-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்.

இவ்வளவு முன்னரே எச்சரிக்கப்பெற்ற மண்ணில், இன்று புகையிலை பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப் பைக்கு வந்துவிட்டது. 13 முதல் 15 வயதுவரையுள்ள இந்திய மாணவரில் 100-க்கு 8.5 பேர் ஏதேனும் ஒரு வகையிற் புகையிலையைப் பயன்படுத்துவதாக 2019-ஆம் ஆண்டின் ஆய்வு கூறுகிறது.

சட்டம் இல்லாமலில்லை. 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும், கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சிறுவருக்குப் புகையிலை கொடுப்போருக்கு 7 ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டென 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் விதிக்கிறது. ஆயினும் தறிக்குழியில் அமர்ந்தபடியே, "மக்களே, ஒரு பொட்டலம் வாங்கிட்டு வா" என்று மகனைக் கடைக்கு அனுப்புகிறவர் யார்? நாமே அல்லவா?

நம் அங்கத்தினர் சிலர் கமுகு பயிரிடுகிறவர்கள். அவர்களுக்கு அடுத்த செய்தி கசக்கும்; எனினும் மறைப்பது முறையன்று. புகையிலை சேராத பாக்குங்கூடப் புற்றுநோய் விளைவிப்பதே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் அறிவித்தது.

பிடிபட்ட மாணவனைப் பள்ளியை விட்டு நீக்குவது பரிகாரமாகாது. புகையிலையை விட்ட முதல் வாரத்தில் எரிச்சலும் தூக்கமின்மையும் மிகும். மூன்று நான்கு வாரங்களிற் பெரும்பாலும் தணியும். அந்த நாட்களில் ஆசிரியரும் பெற்றோரும் பொறுமையுடன் அணைத்துக்கொண்டால் அவன் மீள்வான். துரத்தினால் மீண்டும் கடையையே நாடுவான். வாயில் வெண்படலம், காரம் பட்டால் எரிச்சல், வாய் திறக்க இயலாமை ஆகியவை தோன்றினால் தாமதியாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். விட விரும்புவோர்க்கு 1800 11 2356 என்ற எண்ணில் அரசாங்கத்தின் இலவச ஆலோசனை உண்டு.

சங்கங்கள் செய்யத்தக்கவை மூன்று. சங்கக் கட்டடத்திலும் தறிக்கூடத்திலும் புகையிலையை விலக்கித் தீர்மானம் நிறைவேற்றலாம். பள்ளியருகே விற்கும் கடைக்காரரிடம் நிர்வாகிகள் நேரிற் சென்று பேசலாம். கேளாவிடிற் போலீசாருக்கு அறிவிக்கலாம். பெற்றோரையும் ஆசிரியரையும் மாதமொரு முறை கூட்டுவிக்கலாம்.

ஓர் இழை அறுந்தால் பாவையே வெட்டி எறிவதில்லை. இழையை முடிந்து நெய்கிறோம். பிள்ளைகளிடத்தும் அவ்வாறே நடப்போமாக.