ஒரு துண்டு கடலை மிட்டாய்

மனித மகிழ்ச்சியை ஆராய முற்படுவோர் திருமணம், பதவி உயர்வு, சொந்த வீடு, பிள்ளைப்பேறு முதலிய பெரிய நிகழ்வுகளிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகின்றனர்; ஆனால் ஒருவருடைய வாழ்நாளில் இத்தகைய நிகழ்வுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே வருவதால், மற்ற நாள்களையெல்லாம் எவை நிரப்புகின்றன என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட் டீனரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ஒருவர் தம்மை மகிழ்ச்சியானவராக உணர்வதற்கு அவர் அடையும் இன்பம் எவ்வளவு தீவிரமானது என்பதைவிட, அவருக்கு இன்பம் எத்தனை முறை வாய்க்கிறது என்பதே முதன்மையானது என வாதிட்டனர். இந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டால், மாலை நேரத்துத் தேநீரும் பள்ளி விட்டதும் பெட்டிக்கடையில் வாங்கும் மிட்டாயும் வெறும் பொழுதுபோக்குகளாக இராமல், மனநிறைவைத் தாங்கும் தூண்களுள் சிலவாக ஆகிவிடுகின்றன. தமிழ்நாட்டின் பெட்டிக்கடைக் கண்ணாடிப் புட்டிகளில் கமர்கட்டு, தேன் மிட்டாய், எள்ளுருண்டை, ஜவ்வு மிட்டாய் ஆகியவற்றோடு இடம்பிடித்திருக்கும் கடலை மிட்டாய், ஒரு சிறிய இன்பம் எவ்வாறு உருவாகிறது, ஏன் அது அலுப்பதில்லை என்பதை அறிய மிகவும் ஏற்ற சான்றாகும்.

கடலை மிட்டாய் என்றதும் தமிழர் நினைவுக்கு வரும் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த கோவில்பட்டி. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் கடந்து செல்லும் இந்த நகரம் கரிசல் நிலப்பகுதியில் அமைந்துள்ளது. கரிசல் என்பது கறுப்பு நிறமும், பெய்த மழையின் ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும் தன்மையும் உடைய களிமண் வகையாகும். ஆற்றுப் பாசனம் இல்லாத இப்பகுதியில் வேளாண்மை பெரும்பாலும் மானாவாரியாகவே, அதாவது மழையை மட்டும் நம்பியே, நடைபெற்று வந்தது. செழிப்பான நெல்வயல்களோ பெரும் பால்வளமோ வாய்க்காத ஒரு வட்டாரம், தன் கைக்கு எட்டிய நிலக்கடலையையும் சந்தையில் கிடைத்த வெல்லத்தையும் கொண்டு தனக்கென ஒரு தின்பண்டத்தை ஆக்கிக்கொண்டது என்பது பெருமைப்படத்தக்க செய்தி.

இத்தனை உரிமையோடு உண்ணப்படும் நிலக்கடலை இந்த மண்ணுக்குரிய பயிரன்று. தென் அமெரிக்காவில் தோன்றிய இச்செடி, 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கடல்வழிகளைத் திறந்த பிறகே உலகின் பிற பகுதிகளுக்குப் பரவியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காடு வட்டாரத்தில் பெருமளவு பயிரிடப்பட்ட கடலை, புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, பிரான்சு நாட்டின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளைச் சென்றடைந்தது. சோப்புக்கும் எண்ணெய்க்குமான மூலப்பொருளாகவே வணிகர் அதனைக் கண்டனர். செடியின் இயல்பும் வியப்புக்குரியது. மஞ்சள் நிறப் பூக்கள் மண்ணுக்கு மேலே பூக்கின்றன. கருவுற்ற பின் பூவின் அடியிலிருந்து ஒரு காம்பு நீண்டு வளைந்து மண்ணைத் துளைத்து உள்ளே இறங்கி, அதன் நுனியில் காய் பிடிக்கிறது. ஆகவே வேரில் காய்ப்பதாகப் பலர் கருதினாலும், நிலக்கடலை பூவிலிருந்தே காய்த்து மண்ணுக்குள் முற்றுகிறது.

இனிப்பாக மாறும் பயணத்தில் முதற்படி வறுத்தல். பச்சைக் கடலையில் அவரை விதையை நினைவூட்டும் ஒரு பச்சை வாசனை இருக்கும்; அதனை வறுக்கும்போது கடலையிலுள்ள புரதங்களின் கூறுகளாகிய அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வெப்பத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து, பொன்பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் தோற்றுவிக்கின்றன. 1912இல் இதனை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் என்பவரின் பெயரால் இது மயார் வினை எனப்படுகிறது; தோசையின் முறுகலுக்கும் காப்பிக்கொட்டையின் மணத்துக்கும் இதுவே காரணம். வறுபட்ட கடலையைத் தேய்த்துத் தோல் நீக்கி, முறத்தில் புடைத்து, இரு பருப்பாகப் பிரித்து, சூம்பிப்போனவற்றையும் நிறம் மாறியவற்றையும் பொறுக்கி எறிகின்றனர். இந்தப் பொறுக்கும் வேலை பார்வைக்கு எளிதாகத் தோன்றினாலும் அதனைக் குறைத்து மதிப்பிடுதல் தவறாகும். ஒரே ஒரு சொத்தைக் கடலை வாயில் அகப்பட்டால் முழு மிட்டாயும் கசந்துவிடும் என்பதோடு, ஈரத்தில் பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் எனப்படும் நச்சுப்பொருள் உருவாகக்கூடும் என்பதால், நலத்தைக் காப்பதும் அந்தக் கைகளே.

அடுத்தது பாகு. கரும்புச் சாற்றைக் காய்ச்சி உறையவைத்த வெல்லத்தை நீரில் கரைத்து, மண்ணும் சக்கையும் போக வடிகட்டி, அகன்ற பாத்திரத்தில் மீண்டும் காய்ச்சுகின்றனர். இளமஞ்சளாகப் பளபளக்கும் வெல்லம் பெரும்பாலும் வேதிப்பொருள் கொண்டு வெளுக்கப்பட்டதாக இருக்கும். கருமை கலந்த பழுப்பு நிற வெல்லமே சுவையாலும் மணத்தாலும் மேலானது என்பதை மக்கள் மனங்கொள்ள வேண்டும். கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகி வெளியேறுவதால் கரைசலின் கொதிநிலை படிப்படியாக உயர்கிறது. அந்த உயர்வின் ஒவ்வொரு கட்டத்தையும் தமிழ்ச் சமையலறை பதம் என்ற சொல்லால் வழங்குகிறது. இரு விரல்களுக்கிடையே நூல்போல் இழுபடுவது கம்பிப் பதம். குளிர்ந்த நீரில் விட்டால் திரண்டு உருட்ட வருவது உருண்டைப் பதம். அதனையும் கடந்து, ஏறத்தாழ 150 டிகிரி செல்சியசை அண்மிய நிலையில், நீரில் விட்ட துளி உடனே இறுகி, எடுத்துத் தட்டில் போட்டால் கல் விழுந்தாற்போல ஓசை எழுப்பும். கடலை மிட்டாய்க்கு வேண்டியது இந்தக் கடைசிப் பதம். சற்றே முன்னதாக இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டிக்கொண்டு இழுபடும், சற்றே தாமதித்தால் கரிந்து கசக்கும் என்பதால், வெப்பமானி இல்லாமல் கண்ணாலும் காதாலும் இந்த நொடியைக் கணிக்கும் பாகு மாஸ்டரின் தேர்ச்சி ஓர் உயர்ந்த கலைத்திறனே ஆகும்.

பதம் வந்த பாகில் கடலைப் பருப்பைக் கொட்டிக் கிளறி, பலகைமீது பரப்பி, உருளையால் சமன்செய்து, சூடு ஆறுவதற்குள் துண்டு போடுகின்றனர். கோவில்பட்டி மிட்டாயின் மேற்புறத்தில் வண்ணமூட்டிய தேங்காய்த் துருவலைத் தூவுவதும் உண்டு. இங்கே விரைவு இன்றியமையாதது. வெல்லத்தில் பெரும்பகுதியாக உள்ள சுக்ரோஸ் எனும் சர்க்கரையின் மூலக்கூறுகள் மெல்லக் குளிர்ந்தால் வரிசையாக அடுக்கிக்கொண்டு கற்கண்டு போன்ற படிகங்களாகிவிடும். நீர் மிகக் குறைந்த பாகு விரைந்து குளிரும்போது அவ்வாறு அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல், ஒழுங்கற்ற நிலையிலேயே உறைந்துபோகின்றன. இந்நிலையை அறிவியலார் கண்ணாடி நிலை என்பர். சன்னல் கண்ணாடி எவ்வாறு வளையாமல் தெறித்து உடைகிறதோ, அவ்வாறே கடலை மிட்டாயும் கடித்தவுடன் ‘மடக்’கென முறிவதற்கு இதுவே காரணம். வெல்லத்தில் இயல்பாகவே சிறிதளவு இருக்கும் குளுக்கோசும் ஃபிரக்டோசும் படிகமாவதைத் தடுத்து உதவுகின்றன. அதே வேளையில் அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால்தான் மழைக்காலத்தில் மிட்டாய் பிசுபிசுத்துப்போகிறது.

அந்த முறியும் ஓசை சுவையின் ஒரு பகுதியே. ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் மாசிமிலியானோ சம்பினி, சார்லஸ் ஸ்பென்ஸ் ஆகிய இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், உருளைக்கிழங்கு வறுவலைக் கடிப்பவர்களின் காதுகளுக்கு அவர்களுடைய கடி ஓசையையே ஒலிவாங்கி வழியாக உரக்கவோ மெலிதாகவோ திருப்பிக் கேட்கச் செய்தனர். ஓசை, குறிப்பாக அதன் உயர்ந்த சுருதி, கூட்டப்பட்டபோது வறுவல் கூடுதலாக மொறுமொறுப்பதாகவும் புதியதாகவும் கடித்தவர்கள் மதிப்பிட்டனர். கடலை மிட்டாயை ஒரே கடியில் நான்கு புலன்கள் அறிகின்றன என்று கூறுவது மிகையன்று: பாகின் முறிவைக் காது கேட்கிறது, வறுத்த மணத்தை மூக்கு உணர்கிறது, வெல்லத்தின் இனிப்பை நா அறிகிறது, கடலையின் கொழுப்பு வாயில் வழுவழுவெனப் பரவுவதைத் தொடுபுலன் உணர்ந்துகொள்கிறது.

இவ்வளவு இன்பம் தரும் பண்டம் ஏன் சிறு துண்டாகவே விற்கப்பட வேண்டும் என்ற வினா இங்கு எழும். விலை மலிவாக இருக்க வேண்டும், ஒரு குழந்தை தன் சில்லறைக் காசைக் கொண்டே வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது வணிகர் தரும் விடை. அதனினும் ஆழமான விடை உடலிடம் உள்ளது. ஒரே உணவைத் தொடர்ந்து உண்ணும்போது வயிறு நிறைவதற்கு முன்பே அந்த உணவின் மீதான விருப்பம் குறைந்துவிடுகிறது, ஆனால் உண்ணாத பிற உணவுகளின் மீதான விருப்பம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. பார்பரா ரோல்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்தில் விரிவாக ஆராய்ந்த இந்த இயல்பைப் புலன்சார்ந்த தெவிட்டுதல் எனலாம். முதல் கடியின் இன்பத்தைப் பத்தாவது கடி ஒருபோதும் தராது. எனவே தெவிட்டுதல் தொடங்கும் முன்பே தீர்ந்துவிடும் ஒரு துண்டு, தன் இன்பத்தின் உச்சியிலேயே முடிந்துவிடுகிறது. பெரிய பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்ளும் வசதி வந்த பிறகு அதே மிட்டாய் முன்போல் இனிக்கவில்லை என்று பலர் கூறுவதற்குத் தரக்குறைவு மட்டுமே காரணமாக இருக்க இயலாது.

கிடைக்காத நாள்களும் இனிப்பைக் கூட்டுகின்றன. ஜோர்டி குவாய்ட்பாக், எலிசபெத் டன் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடாமல் இருக்கும்படியும், மற்றொரு குழுவினர் நிறைய சாக்லேட் கொடுக்கப்பட்டு இயன்ற அளவு உண்ணும்படியும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். வாரம் கழிந்து அனைவருக்கும் ஒரே சாக்லேட் தரப்பட்டபோது, விலகியிருந்தவர்களே அதனை மிகுதியாக ரசித்தனர். வாரச் சந்தையன்று மட்டும் தின்பண்டம் வீட்டுக்கு வந்த தலைமுறையினர் வறுமையினால் அவ்வாறு வாழ்ந்தனரே தவிர இன்பத்தைக் கூட்டுவதற்காக அன்று. ஆயினும் அந்த இடைவெளி அவர்களுடைய நாவைக் கூர்மையாக வைத்திருந்தது என்பது உண்மை.

இவை எல்லாவற்றினும் அழகானது, இந்த மிட்டாய் பகிரப்படும் முறை. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் ஒரு மிட்டாயை இருவர் பகிர நேர்ந்தால், அதனைச் சட்டையின் நுனியில் வைத்து மூடி, எச்சில் படாதபடி துணிக்கு மேலாகக் கடித்து இரண்டாக்கிக் கொடுப்பதைக் காக்காக் கடி என்பர். எச்சில் குறித்த ஆசாரத்தையும் நண்பனுக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையையும் ஒருசேர நிறைவேற்றும் இந்த ஏற்பாட்டைக் குழந்தைகள் எந்த ஆசிரியரிடமும் கற்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் எரிக்கா பூத்பி, மார்கரெட் கிளார்க், ஜான் பார்ஜ் ஆகியோர் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு, அருகிலிருப்பவரும் அதே நேரத்தில் அதே சாக்லேட்டைச் சுவைக்கும்போது, இருவரும் ஒரு சொல்லும் பேசாவிட்டாலும், அது கூடுதலாக இனிக்கிறது எனக் கண்டது. பாதி மிட்டாயைக் கொடுத்த குழந்தைக்கு இழப்பு நேரவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

நலம் குறித்தும் சில சொற்கள் கூற வேண்டும். நூறு கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உள்ளது. பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு கொழுப்பு. இதனால் வெறும் சர்க்கரை மிட்டாயைவிட இது மேலான பண்டம் என்றாலும், வெல்லமும் சர்க்கரையே என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் அளவறிந்து உண்ண வேண்டும். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அறவே தவிர்க்க வேண்டும்.

1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னையில் இயங்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகம், 2020ஆம் ஆண்டில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வழங்கியது. ஓர் ஊரின் மண்ணோடும் நீரோடும் கைப்பழக்கத்தோடும் பிணைந்த பொருளின் பெயரைப் பிற ஊரார் பயன்படுத்தாமல் காக்கும் சட்ட உரிமையே புவிசார் குறியீடு எனப்படுகிறது. பழனிப் பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019இலும், மணப்பாறை முறுக்கு 2023இலும் இதே உரிமையைப் பெற்றன. இது மகிழ்ச்சிக்குரியது, எனினும் பெயரைக் காக்கும் சட்டம் பதத்தைக் காப்பதில்லை. கடலை விலையும் வெல்ல விலையும் ஏறும்போது, வாங்குவோர் சில்லறைக் காசுக்கே மிட்டாயை எதிர்பார்ப்பதால், கடலையைக் குறைத்துப் பாகைக் கூட்டவும் வெல்லத்துக்குப் பதிலாக மலிவான சர்க்கரைப் பாகைச் சேர்க்கவும் உற்பத்தியாளர்கள் நெருக்கப்படுகின்றனர். மறுபுறம், நாள் முழுதும் அடுப்பு அனலில் நின்று பதம் பார்ப்பவருக்கும், பொறுக்கிப் புடைக்கும் பெண்களுக்கும் கிடைக்கும் கூலி அவர்களுடைய பிள்ளைகளை இத்தொழிலுக்கு ஈர்க்கும் அளவில் இருந்தாலன்றி, குறியீடு பொறித்த பொட்டலம் கடைகளில் தொங்கினாலும் அதனுள் இருக்கும் துண்டு அந்த ஓசையோடு முறியாது. நல்ல கடலைக்கும் நல்ல கைக்கும் ஓரிரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வாங்குவோர் முன்வருவதும், கூட்டுறவு முறையில் கடலையையும் வெல்லத்தையும் மொத்தமாகக் கொள்முதல் செய்து சிறு உற்பத்தியாளர்களுக்கு வழங்குவதும் உடனே மேற்கொள்ளக்கூடிய இரு வழிகளாகும்.