வரி வழக்கும் வறியோரும்

வரி இறுத்தல் குடிகளின் கடன். விதிக்கப்பட்ட வரி முறையானதோ என வினவுதல் அவர்தம் உரிமை. கடனைக் கேட்க அரசுக்கு அலுவலர் பலர் உளர். உரிமையை எடுத்துரைக்க வறியோர்க்கு யார் உளர்? இவ்வினாவிற்கு ஐக்கிய அமெரிக்காவிற் காணப்பட்ட விடைகளுள் ஒன்று, சட்டக் கல்லூரிகளில் நடைபெறும் வரி உதவி நிலையங்களாகும். அவற்றின் இயல்பை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

வறியோர்க்கும் வரி வழக்கு உண்டோ என ஐயுறுதல் இயல்பே. குறைந்த ஊதியத்திற்கு உழைக்கும் குடும்பங்களுக்கென அந்நாட்டில் 1975 ஆம் ஆண்டில் ஒரு வரிச் சலுகை ஏற்படுத்தப்பட்டது. இறுக்கவேண்டிய வரியினும் சலுகை மிகுமாயின், மிகுதி பணமாகவே கொடுக்கப்படும். பிள்ளையின் பொருட்டுச் சலுகை கோருவோர், அப்பிள்ளை ஆண்டிற் பாதிக்கு மேல் தம்முடன் வாழ்ந்ததென நிறுவுதல் வேண்டும். பேரப்பிள்ளையை வளர்க்கும் ஒரு பாட்டியாரை எண்ணிப் பார்ப்போம். பாடசாலைப் பதிவேட்டில் தாயின் முகவரி இருக்கிறது; வாடகைச் சீட்டோ வேறொருவர் பெயரில் இருக்கிறது. உண்மை அவர் பக்கத்தில் உளது. சான்று அவர் கையில் இல்லை.

காலமும் அவருக்குப் பகையாகின்றது. வரி குறைவாக இறுக்கப்பட்டதென வரித் திணைக்களம் முறைப்படி அறிவித்தல் அனுப்பினால், உள்நாட்டிலுள்ளோர் 90 நாட்களுக்குள் வரி நீதிமன்றத்திற்கு விண்ணப்பித்தல் வேண்டும். 1924 இல் வரி மேன்முறையீட்டுச் சபையாகத் தோன்றிய இம்மன்றின் சிறப்பு யாதெனில், பிணக்கிலுள்ள வரியை முன்னரே செலுத்தாது அங்கே வழக்காடலாம் என்பதாம். தவணை தவறினால், பொதுவாக முழுத்தொகையையும் செலுத்திய பின்னரே அதனை மீளப் பெற ஏனைய நீதிமன்றங்களை நாட இயலும். பணமில்லாதவர்க்கு அக்கதவு அடைபட்ட கதவேயன்றோ!

இக்குறையைப் போக்கவே 1970 களிற் சில சட்டக் கல்லூரிகள் இத்தகைய நிலையங்களைத் தொடங்கின. 1998 ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றிற்கு அரச நன்கொடை வழங்க வழிசெய்தது. பெறும் தொகைக்கு ஈடான உதவியை நிலையமும் வேறு வழியில் திரட்டுதல் வேண்டும். நன்கொடை வரித் திணைக்களத்தின் வழியாகவே வருகின்றது. எனினும் அத்திணைக்களத்தை எதிர்த்து வாதிடும் சுதந்திரம் நிலையங்களுக்கு உண்டு. வறுமை அளவுகோலின் 250 சதவீதத்திற்கு மேற்படாத வருமானமுடையோரே பெரும்பாலும் உதவி பெறுவர். பிணக்கிலுள்ள தொகையும் பொதுவாக ஓராண்டிற்கு 50,000 டொலருக்கு மேற்படுதல் ஆகாது. உதவி இலவசமாக, அல்லது பெயரளவான கட்டணத்திற்குக் கிடைக்கும். ஆங்கிலம் தாய்மொழியல்லாதார்க்கு அவர்தம் உரிமைகளை விளக்குதலும் இந்நிலையங்களின் பணியாகும்.

மாணவர் செய்வது யாது? அனுபவமிக்க வழக்கறிஞரின் மேற்பார்வையில் அவர் வறியவரின் கதையைக் கேட்கிறார். கடிதங்களை நாள்முறைப்படி அடுக்குகிறார். ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் சான்றுக் கடிதம் பெற உதவுகிறார். உரிய அனுமதியுடன் திணைக்களத்தின் முன் தோன்றுகிறார். கணவனும் மனைவியும் கூட்டாகக் கையொப்பமிட்ட வரிக்கூற்றில் கணவன் வருமானத்தை மறைத்திருப்பின், முழுவரியும் மனைவியிடம் கோரப்படலாம். அதனை அவள் அறியாதிருந்தாளாயின், விடுதலை கோரச் சட்டத்தில் இடமுண்டு. அவ்விடத்தை அவளுக்குச் சுட்டிக் காட்டுபவரும் இம்மாணவரே.

எல்லா வழக்கும் வெற்றியாவதில்லை. சில வேளைகளில் வரி உண்மையாகவே கடனாய் இருக்கும். அப்பொழுது அதனை மறைக்காது கூறி, தவணை முறையிற் செலுத்தவோ, இயன்ற தொகைக்கு இணக்கம் காணவோ வழி தேடுதலே நேர்மையாகும். கல்வியாண்டு முடிந்ததும் மாணவர் பிரிந்து செல்வர், வழக்கோ தொடரும். ஆதலின் நிலையான வழக்கறிஞர் இன்றி இத்தொண்டு நிலைபெறாது.

2014 ஆம் ஆண்டில் அந்நாட்டு வரித் திணைக்களம் வெளியிட்ட பத்து உரிமைகளுள், தமக்காகப் பேச ஒருவரை அமர்த்தும் உரிமையும் ஒன்று. அமர்த்தலாம் என்று கூறுதல் எளிது. அமர்த்தப் பொருளில்லாதார்க்கு அது வெறும் எழுத்தே. அவ்வெழுத்திற்கு உயிர் கொடுக்கும் மாணவர், நூலறிவால் எய்த இயலாத ஒன்றையும் எய்துகின்றனர்: சட்டம் என்பது ஒருவரது வீட்டு வாடகையும், ஒரு குழந்தையின் உணவுமாகும் என்னும் தெளிவே அது.