உடைந்த விளக்குக்குக் கமிஷன் இல்லை!

விருத்தாசலத்தைப் "பீங்கான் ஊர்" என்று சொல்வார்கள். கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றின் கரையில் இருக்கிறது இந்த ஊர்.

கொலு பொம்மை, அகல் விளக்கு, ஜாடி, மின்சாரப் பியூஸ் கட்டை, இப்படிப் பலவும் இங்கே பீங்கானில் தயாராகின்றன. பொம்மை செய்யும் விதம் வேடிக்கையானது. களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரைக் குடித்துவிடும். ஓரத்தில் படிந்த மண், பொம்மையாக நிற்கும்! அதைக் காய வைத்து, மெருகு பூசி, ஆயிரம் டிகிரிக்கும் மேலான சூட்டில் சுடுகிறார்கள்.

பொம்மை செய்கிறவர் ஒருவர். விற்கிறவர் ஒருவர். இருவருக்கும் நடுவில் ஆள் பிடித்துக் கொடுப்பவர் தரகர். இது பழைய வழக்கம்.

இப்போது தரகு வேலை செல்போனுக்குள்ளும் புகுந்துவிட்டது. அதற்குப் பெயர், "அபிலியேட் மார்க்கெட்டிங்"!

எப்படி நடக்கிறது?

ஒரு குடும்பத் தலைவி சொந்தமாக ஒரு வலைத்தளம் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பீங்கான் விளக்கைப் பற்றி எழுதுகிறார். கீழே ஒரு இணைப்பு கொடுக்கிறார். படித்தவர் அதைத் தொட்டால், விளக்கு விற்கும் ஆன்லைன் கடை திறக்கும். அங்கே வாங்கினால், எழுதியவருக்குக் கமிஷன்!

இந்த இணைப்பில் ஒரு ரகசியக் குறி இருக்கும். "இவர் அனுப்பிய ஆள்" என்று அது கடைக்குச் சொல்லிவிடும்.

விருத்தாசலத்துக்கு இது புதுக் கதை அல்ல. சுந்தரர் இந்த ஊர் மணிமுத்தாற்றில் 12 ஆயிரம் பொன்னைப் போட்டார். திருவாரூர்க் குளத்தில் அதை எடுத்தார் என்பது புராணம். இங்கே போட்டு அங்கே எடுப்பதுதான் இந்த வியாபாரமும். அந்தப் பொன்னைக் கூட மாற்று உரைத்துப் பார்த்த பிறகே ஏற்றார்கள். கமிஷனுக்கும் உரைகல் உண்டு!

அமெரிக்காவின் அமேசான் கம்பெனி 1996-ம் ஆண்டு இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது அது புத்தகக் கடை. 2013-ல் இந்தியாவுக்கு வந்தது.

கணக்கைப் பாருங்கள்

விளக்கு செட் ஒன்று 300 ரூபாய். கமிஷன் 100-க்கு 5 ரூபாய் என்றால், ஒரு செட்டுக்கு 15 ரூபாய். நூறு செட் விற்றால் 1,500 ரூபாய்.

கையில் வந்துவிட்டதா? இல்லை!

பீங்கான் உடையும் பொருள். வழியில் உடைந்தால் திருப்பி அனுப்புவார்கள். "படத்தில் பெரிதாக இருந்தது, வந்தது சுண்டைக்காய் அளவு" என்றும் திருப்பி அனுப்புவார்கள். திரும்பிய பொருளுக்குக் கமிஷன் கிடையாது. நூறில் முப்பது திரும்பினால் 450 ரூபாய் போச்சு. திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை கடைக்காரர்கள் பணத்தை நிறுத்தி வைப்பதும் இதற்காகத்தான்.

ஆக, கூட்டம் சேர்ப்பதற்குக் கூலி இல்லை. வாங்கியவர் வீட்டில் பொருள் தங்கினால்தான் கூலி.

வருமானம் கூட என்ன வழி?

விளக்கு எத்தனை அங்குலம்? எவ்வளவு எண்ணெய் பிடிக்கும்? உள்ளங்கையில் வைத்தால் எப்படித் தெரியும்? இவற்றை எழுதி, கையில் வைத்தே படம் எடுத்துப் போட வேண்டும். "அழகான விளக்கு, அற்புதமான விளக்கு" என்று அளப்பதில் பயன் இல்லை.

தாய்மார்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் பக்கத்துக்கு மதிப்பு அதிகம். மண் அகலில் எண்ணெய் ஏன் கசிகிறது? சுட்ட மண்ணில் நுண்ணிய துளைகள் உண்டு. மெருகு பூசிய பீங்கானில் அது அடைபட்டிருக்கும். ஆகவே கசியாது. இதை விளக்கிவிட்டு அதன் அருகிலேயே இணைப்பைக் கொடுத்தால், தொடுகிறவர் வாங்கும் எண்ணத்தோடு தொடுவார்.

யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்லிவிடலாம். "சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்" என்று எழுதினால் இரண்டு பேர் வாங்காமல் போகலாம். வாங்குகிற எட்டுப் பேர் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

இன்னொன்று, நேரம். அமேசானில் இணைப்பைத் தொட்ட 24 மணி நேரம்தான் அந்தக் குறிக்கு ஆயுள். அதற்குள் வாங்க வேண்டும். அல்லது கூடையிலாவது போட்டு வைக்க வேண்டும். மறுநாள் வேறு ஒருவர் இணைப்பைத் தொட்டு வாங்கினால், கமிஷன் அவருக்கு. எனவே "வாங்கலாமா, வேண்டாமா" என்று முடிவு செய்யும் கட்டத்தில் இருப்பவருக்கு உதவும் பக்கமே சம்பாதிக்கும்.

சொந்த இணைப்பைத் தொட்டுத் தானே வாங்கிக் கமிஷன் எடுக்கலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். கடைக்காரர் விடுவாரா? அது விதிப்படி கூடாது.

சிறைக்குப் போன தரகர்

அமெரிக்காவில் ஷான் ஹோகன் என்பவர் ஈபே கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் பெரிய தரகர். கோடிக்கணக்கான டாலர் கமிஷன் வாங்கினார். பிறகு குட்டு வெளிப்பட்டது! இணைப்பைத் தொடாதவர்களின் கம்ப்யூட்டரிலும் திருட்டுத்தனமாகத் தன் குறியைப் பதித்திருக்கிறார். அவர்கள் பின்னால் தாங்களாகவே ஈபேயில் வாங்கியதற்கெல்லாம் இவருக்குக் கமிஷன். 2010-ல் வழக்கு. 2014-ல் ஐந்து மாதச் சிறை.

சொல்லிவிட வேண்டும்!

"இந்த இணைப்பில் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்" என்பதைப் படிப்பவர் கண்ணில் படும்படி எழுத வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு விதி இதைச் சொல்கிறது. பொய் விளம்பரத்துக்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகும்.

இப்படிச் சொன்னால் ஓடிவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு. கடைத்தெருவில் தரகர் என்று தெரிந்துதானே அவரோடு நடக்கிறார்கள்?

வரியும் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக் கமிஷன் 20 ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் 100-க்கு 2 ரூபாய் பிடித்துக்கொண்டு கொடுக்கிறார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 ரூபாய்!

திருக்கார்த்திகைக்கு விளக்கு, நவராத்திரிக்கு பொம்மை. இரண்டுக்கும் சூளைக்காரர்கள் பல மாதம் முன்பே அச்சு எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். பக்கம் எழுதுகிறவருக்கும் அதே கணக்குத்தான். எழுதியது கூகுள் கண்ணில் பட்டு மேலே வர நாள் பிடிக்கும். கார்த்திகை விளக்குக்கு ஆடியிலேயே எழுதிவிட வேண்டும்.